கெணறு நெறைய வெள்ளம், குடிக்க ஒரு செம்பு இல்ல: வீட்டுல அவசரத்துக்கு தண்ணி சேத்து வைக்கிறது எப்படி

எங்க வீடு கன்னியாகுமரி மாவட்டத்துல மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் எடையில. இங்க நாங்க தண்ணிய வெள்ளம்னு தான் சொல்லுவோம், அந்தப் பக்கம் கேரளத்து பாறசாலைக்காரங்க சொல்லுற மாதிரியே. மதுரைல இருந்து மாத்தலாகி வந்த ஒரு டீச்சர் கிட்ட எங்க மாமி, அதாவது மாமியாரு, மொத நாளே "உள்ள வா மக்களே, வெள்ளம் வேணுமா"ன்னு கேட்டு அந்தப் புள்ள முழிச்ச முழி இன்னும் எங்க வீட்டுல சிரிப்புக் கத. எடவப்பாதி மழையும் (தென்மேற்குப் பருவமழை) உண்டு, துலாவருஷமும் (வடகிழக்குப் பருவமழை) உண்டு, வீட்டுக்கு வீடு கெணறு, பக்கத்துல குழித்துறை ஆறு, மேல பேச்சிப்பாற டேம். இப்படி ஒரு ஊர்ல ஒருத்தன் போய் அவசரத்துக்கு தண்ணி சேத்து வைங்கன்னு சொன்னா எவன் கேப்பான், நானே கேக்கல.

2017 நவம்பர் 30 ஓகி புயல் அடிச்சப்போ தான் புத்தி வந்துச்சு. ரப்பர் மரம், வாழ, கரண்ட் போஸ்ட் எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து கெடந்து எங்க தெருவுல ஒன்பது நாளு கரண்ட் இல்ல. கெணத்துல வெள்ளம் கையெட்டுற தூரத்துல கெடக்கு, ஆனா அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி வீட்ட புதுக்கும்போது தான் பாக்க அழகா இருக்கட்டும்னு வாளி கட்டி கோருற கப்பிய எடுத்துட்டு கெணத்து மேல கம்பி வல போட்டு வெல்டிங் வச்சு மூடியிருந்தோம். மோட்டார் ஓடல, மாடி டேங்க் மறுநாள் மத்தியானமே காலி, ஆர்.ஓ. மெசின் செவுத்துல சும்மா தொங்குது. மாமி கெணத்தடில நின்னுட்டு "கெணறு நெறைய வெள்ளம் கெடக்கு, குடிக்க ஒரு செம்பு இல்லியே"ன்னாங்க பாருங்க, அதுக்கு எங்க வீட்டுக்காரர்கிட்டயும் பதில் இல்ல எங்கிட்டயும் இல்ல. ஜெனரேட்டர வண்டில வச்சு மணிக்கூறுக்கு (ஒரு மணி நேரத்துக்கு) இவ்வளவுன்னு வாடகைக்கு ஓட்டிட்டு வந்தவரு எங்க தெருவுக்கு மூணாவது நாளு தான் வந்தாரு.

அதனால மொதல்ல மண்டைல ஏத்த வேண்டியது இது தான், நம்ம பக்கத்துல தீந்து போறது தண்ணி இல்ல, கரண்டு. மண்ணுக்குள்ள கெடக்குற வெள்ளம் வேற, கைல இருக்குற வெள்ளம் வேற. இன்வெர்ட்டர் இருக்குல்லன்னு சொல்லாதீங்க, ஒரு ஹெச்பி மோட்டார்னாலே 746 வாட்டு, ஸ்டார்ட் ஆகுற நேரம் அதப்போல பல மடங்கு இழுக்கும், ஃபேனும் லைட்டும் ஓட்டுற இன்வெர்ட்டர் அதத் தாங்காது.

சரி எவ்வளவு வைக்கணும். குடிக்கவும் கஞ்சி வைக்கவும் சேத்து ஒரு ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர் வச்சுக்கோங்க. நாங்க அஞ்சு பேரு, அப்போ 20 லிட்டர், அதாவது ஒரு நாளைக்கு ஒரு கேன், கணக்கு போடவே வேண்டாம். மூணு நாளைக்கு மூணு கேன் கண்டிப்பா இருக்கணும், எடம் இருந்தா ஏழு. ஓகிய பாத்ததுக்கு அப்புறம் எங்க வீட்டுல எப்பவும் ஏழு கேன் தான். பாலூட்டுற தாய், காய்ச்சக்காரங்க, வெயில்ல வேல பாக்குறவங்க இருந்தா இன்னும் கூட்டிக்கோங்க. இது வயித்துக்குள்ள போற கணக்கு மட்டும். பாத்திரம் கழுவ, மேலு கழுவ, கக்கூஸுக்கு ஊத்தன்னு தனியா ஆளுக்கு 10 லிட்டராவது வேணும். பேரிடர் முகாம்ல ஒரு ஆளுக்கு எல்லாம் சேத்து நாளைக்கு கொறஞ்சது 15 லிட்டர்னு உலக அளவுல ஒரு கணக்கு வச்சிருக்காங்க, நம்ம கணக்கும் கிட்டத்தட்ட அங்க தான் வந்து நிக்குது. மாடு இருந்தா அது தனிக் கத, கறவ மாடு ஒண்ணு நம்ம குடும்பம் மொத்தமும் குடிக்கிறத விட கூட குடிக்கும், அதுக்கு கேன்ல எல்லாம் சேத்து முடியாது, கெணத்துல இருந்து கோரித்தான் ஊத்தணும்.

ஆகவே கப்பி. கெணறு வச்சிருக்கவங்க வேற எதையும் வாங்குறதுக்கு முன்னாடி கப்பி, கயிறு, வாளி மூணையும் திரும்பக் கொண்டு வாங்க. நாங்க கம்பி வலைய வெட்டி ஒரு ஓரமா கதவு மாதிரி வச்சு பூட்டு போட்டிருக்கோம், புள்ளைங்க விழ வழியில்ல, வேணும்னா தொறக்கலாம். கயிறு நைலான்னா மழைல மக்காது ஆனா கை வழுக்கும், கயர்னா பிடி நல்லா இருக்கும் ஆனா நனைஞ்சு நனைஞ்சு மக்கிடும், நான் நைலானே வாங்கி ரெண்டடிக்கு ஒரு முடிச்சு போட்டு அடுக்களை கதவுக்குப் பின்னாடி தொங்க விட்டிருக்கேன். போர் மட்டும் இருக்க வீடுன்னா இந்த வழியே கெடையாது, அவங்க டேங்குலயும் கேன்லயும் ரெண்டு மடங்கு வைக்கிறது தான் நல்லது.

இனி பாத்திரம். இதுல தான் நம்ம ஊர்ல பெரிய ஆபத்து இருக்கு, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்லுறேன். ரப்பர் இருக்க வீட்டுல எல்லாம் ஷீட் ஒறைய வைக்க ஆசிட் வாங்குவோம்ல, ஃபார்மிக் ஆசிட், அந்தக் காலிக் கேன் கட்டியா, மூடி டைட்டா, பாக்கவே ஆசையா இருக்கும். அத நாலு தடவ கழுவிட்டு வெள்ளம் பிடிச்சு வச்சவங்கள எனக்குத் தெரியும். வேண்டவே வேண்டாம். ரப்பர் பால் கெடாம இருக்க அமோனியா ஊத்தி வச்ச ட்ரம், வாழைக்கு அடிக்கிற மருந்து வந்த கேன், மண்ணெண்ண கேன், பெயின்ட் டப்பா எதுவுமே குடிக்கிற தண்ணிக்கு ஆகாது, எத்தன தடவ கழுவினாலும் ஆகாது, பிளாஸ்டிக் அத உள்ள குடிச்சு வச்சிருக்கும். பால் வந்த கேனும் வேண்டாம், கொழுப்பு ஓரத்துல ஒட்டி நின்னு கிருமி வளரும். கேனுக்கு அடில ஒரு முக்கோணத்துக்குள்ள நம்பர் இருக்கும், 1, 2, 5 இதுல ஒண்ணா இருந்து, முன்னாடி வந்ததும் சாப்பாட்டுச் சாமானா இருந்தா எடுத்துக்கலாம். வாய் சின்னதா, மூடி திருகுற மாதிரி இருக்கிறது நல்லது, கையோ செம்போ உள்ள போகாதுல்ல. அகல வாய்ப் பானைல அழுக்குக் கையோட மோந்து மோந்து தான் பாதி வீட்டுல வயித்தால போறதே.

கேன மொதல்ல சோப்பு போட்டு குலுக்கி அலசணும். அப்புறம் மெடிக்கல்ல சோடியம் ஹைப்போகுளோரைட் 5 சதவீதம்னு கேட்டு வாங்குங்க, வாசன சேத்தது, சோப்பு சேத்தது வேண்டாம். அதுல ஒரு டீஸ்பூன் ஒரு லிட்டர் தண்ணில கலந்து கேனுக்குள்ள ஊத்தி எல்லாப் பக்கமும் படுற மாதிரி அர நிமிஷமாவது சுழட்டி, மூடியும் அதுலயே முக்கி எடுத்து, கொட்டிட்டு காய விடுங்க. இந்த மருந்தோட கக்கூஸ் கழுவுற ஆசிட் மட்டும் ஒரு சொட்டு கூட சேரக் கூடாது, குளோரின் கேஸ் கெளம்பி மூச்சு முட்டிரும்.

நெரப்புற தண்ணி பஞ்சாயத்து பைப்ல வர்ற குளோரின் போட்ட தண்ணின்னா, கொழாய்ல இருந்து நேரா சுத்தமான கேன்ல பிடிச்சு மூடினாப் போதும். கெணத்து வெள்ளம்னா அப்படியே மாசக்கணக்குல வைக்கக் கூடாது. எங்க கெணத்து வெள்ளம் இளநி மாதிரி இருக்கும்னு எல்லாரும் சொல்லுவோம், நானும் சொல்லுவேன், ஆனா அஞ்சு சென்டு பூமில கெணறும் கக்கூஸ் குழியும் பக்கத்து வீட்டுக் குழியும் எவ்வளவு தள்ளி இருக்குன்னு ஒரு தடவ அளந்து பாருங்க, அப்புறம் இளநின்னு சொல்ல வாய் வராது. அந்த 5 சதவீத மருந்து லிட்டருக்கு 2 சொட்டு, 20 லிட்டர் கேனுக்கு 40 சொட்டு. 40 சொட்டு யாரு எண்ணுவா, ஊசி இல்லாத 2 மில்லி சிரிஞ்ச் ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க, ஒரு சிரிஞ்ச் ஒரு கேன், முடிஞ்சுது. ஊத்தி கலக்கி அர மணிக்கூறு விடுங்க, மூடியத் தொறந்தா லேசா குளோரின் வாசம் வரணும். வரலைன்னா இன்னொரு தடவ அதே அளவு ஊத்தி கால் மணிக்கூறு விட்டுப் பாருங்க, அப்பவும் வாசம் இல்லன்னா அந்தத் தண்ணில அழுக்கு ஜாஸ்தி, இல்ல மருந்து பழசு, கொட்டிருங்க. மருந்து வச்சிருக்க வச்சிருக்க வீரியம் போகும், அதனால பாட்டில்ல வாங்குன தேதிய எழுதி வச்சு ஆறு மாசத்துக்கு ஒருக்கா புதுசு வாங்கிருங்க. கலங்கல் தண்ணின்னா மொதல்ல தெளிய வச்சு, வேட்டித் துணிய நாலா மடிச்சு வடிகட்டிட்டு அப்புறம் லிட்டருக்கு 4 சொட்டு. குளோரின் மாத்திர கெடச்சா இன்னும் லேசு, ஆனா மாத்திர பல சைஸ்ல வருது, 20 லிட்டருக்கு ஒண்ணும் இருக்கு ஒரு லிட்டருக்கு ஒண்ணும் இருக்கு, அட்டைல என்ன போட்டிருக்கோ அது தான் கணக்கு.

கொதிக்க வச்சு ஆத்தி வைக்கலாமேன்னு கேப்பீங்க. நம்ம வீட்டுல எல்லாம் சீரகமோ சுக்கோ பதிமுகமோ போட்டு கொதிக்க வச்ச வெள்ளம் தானே எப்பவும் குடிக்கிறது, நல்ல பழக்கம் தான், கொமிழி விட்டு கொதிச்சு ஒரு நிமிஷம் நின்னா கிருமி செத்துரும். ஆனா கொதிச்ச தண்ணில குளோரின் மாதிரி காவல் எதுவும் கெடையாது, ஆறுனதும் ஒரு செம்போ ஒரு விரலோ பட்டா திரும்பவும் அழுக்கு தான், அதனால அது அன்னன்னைக்கு குடிக்க, சேத்து வைக்க இல்ல. அதுவும் சீரகம் போட்டத கேன்ல ஊத்தி வச்சீங்கன்னா ரெண்டு நாள்ல நாறும். செம்புப் பானை பத்தியும் ஒரு வார்த்த, ராத்திரி ஊத்தி வச்சு காலைல குடிக்கிறதுக்கு கொள்ளாம், ஆனா அழுக்குத் தண்ணிய அது சுத்தமாக்கிரும்னு நம்பி இருக்காதீங்க.

வைக்கிற எடம் வெயில் படாம, தரைல நேரா வைக்காம ஒரு பலக மேல. பைக்குக்குப் பக்கத்துல, பெட்ரோல், பூச்சி மருந்து, பெயின்ட் வச்சிருக்க ஷெட்டுல வைக்காதீங்க, அந்த வாடை பிளாஸ்டிக் வழியா உள்ள ஏறும். 20 லிட்டர்னா 20 கிலோ, பரணுல எல்லாம் ஏத்திராதீங்க. ஆத்தங்கரை வீடுன்னா, குழித்துறை, முஞ்சிறை பக்கம் மாதிரி டேம் தொறந்தா வீட்டுக்குள்ள ஏறுற எடம்னா, கட்டில் அடில வைக்காம மேசை ஒசரத்துல வைக்கணும், இல்லன்னா வெள்ளம் வந்து வெள்ளத்த கெடுத்துட்டு போகும். இந்த வாக்கியத்த மதுரை டீச்சருக்கு அனுப்பி வைக்கணும்.

புயல் வருதுன்னு ரேடியோல சொன்ன ஒடனே செய்ய வேண்டியது வேற. கரண்ட் இருக்கும்போதே மாடி டேங்க வழிய வழிய ரொப்பிருங்க, இதுல ரெண்டு லாபம். ஆயிரம் லிட்டர் டேங்க் நெறஞ்சா ஒரு டன்னு, காத்து அசைக்காது, காலி டேங்குன்னா பலூன் மாதிரி பறந்து போய் பக்கத்து வீட்டு ஓட்டு மேல கெடக்கும், ஓகில நான் கண்ணால பாத்தது. ரொப்புனதும் டேங்குக்கு அடில இருக்க வால்வ அடைச்சிருங்க. இது ரொம்ப முக்கியம், ஏன்னா வால்வு தொறந்திருந்தா நம்ம புள்ளைங்களுக்கு பழக்க தோசம், கொழாய தொறந்தா வருதுல்லன்னு குளிச்சே தீத்துரும். ஒரு நாளைக்கு ஒரு தடவ வால்வ தொறந்து, வாளில பிடிச்சிட்டு திரும்ப அடைக்கணும். அப்புறம் வீட்டுல இருக்க சருவம், குடம், அண்டா, குளிக்கிற ட்ரம், எல்லாத்துலயும் ரொப்பி மூடி வைங்க, இது கழுவவும் கக்கூஸுக்கும். கக்கூஸுக்கு ஃபிளஷ் அமுக்காம வாளில கோரி ஊத்தினா கொறச்சே போதும், பாத்திரம் அலசுன தண்ணியே அதுக்கு ஆகும்.

மூடி வைங்கன்னு சொன்னது தூசிக்காக மட்டும் இல்ல. டெங்கு கொசு நல்ல தண்ணில தான் முட்ட போடும், முட்ட கொசுவாக ஒரு வாரம் பத்து நாளு போதும். முட்ட பாத்திரத்து உள் ஓரத்துல ஒட்டி தண்ணி வத்தின பெறகும் மாசக்கணக்குல உசுரோட இருக்கும், அதனால ட்ரம்ம காலி பண்ணினா சும்மா அலசாம பிரஷ் போட்டு தேய்ச்சு கழுவணும். மூடி இல்லாத ட்ரம்முக்கு பழைய வேட்டிய இழுத்துக் கட்டி சைக்கிள் டியூப வெட்டி மாட்டினா போதும்.

கெணத்துக்குள்ளயே மழை வெள்ளம் ஏறிட்டுன்னா அத சரி பண்ணுறது தனி வேல. 2018 ஆகஸ்ட்ல கேரளத்துல வெள்ளம் வந்தப்போ செங்ஙன்னூர்ல இருக்க எங்க மைனி வீட்டுக் கெணறு சேறா நெறஞ்சு போச்சு, அவங்க செஞ்சத வச்சு சொல்லுறேன். சுத்தி மண்ணு ஊறி இருக்கும்போது அவசரப்பட்டு மொத்தமா எறைக்காதீங்க, உள்ள பாரம் கொறஞ்சதும் சுவரு உள்வாங்கி கெணறே இடிஞ்சு விழும். டீசல் பம்ப கெணத்துக்குள்ள எறக்கி ஓட்டவே கூடாது, பொக கட்டி உள்ள எறங்குனவன் மேல வர மாட்டான். வெள்ளம் வடிஞ்சு கலங்கல் தெளிஞ்ச பெறகு பிளீச்சிங் பவுடர். கெணத்து குறுக்களவ மீட்டர்ல அளந்து, அதயே அதால பெருக்கி, தண்ணி ஆழத்தால பெருக்கி, 0.785 ஆல பெருக்குங்க, வர்றத ஆயிரத்தால பெருக்கினா லிட்டர். 2 மீட்டர் அகலம் 3 மீட்டர் தண்ணின்னா 9,420 லிட்டர் வரும். சாதாரணமா ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம், வெள்ளம் ஏறின கெணத்துக்கு 5 கிராம், அப்போ இந்தக் கெணத்துக்கு 47 கிராம். பவுடர நேரா தூவினா பிரயோஜனம் இல்ல, வாளில கொழச்சு, தண்ணி ஊத்தி கலக்கி, பத்து நிமிஷம் விட்டா சுண்ணாம்பு அடில தங்கும், மேல தெளிஞ்சத மட்டும் இன்னொரு வாளில ஊத்தி கெணத்துல எறக்கி மேலயும் கீழயும் ஆட்டி கலக்கணும். ராத்திரி போட்டுட்டு காலைல கோருறது நல்லது. பாக்கெட் பழசா, கட்டி பிடிச்சிருந்தா வாங்காதீங்க, வீரியம் போயிருக்கும்.

கொளச்சல், மணக்குடி மாதிரி கடலோர வீட்டுக்காரங்களுக்கு மட்டும், கடல் ஏறி கெணறு உப்பாயிட்டுன்னா கொதிக்க வச்சும் பிரயோஜனம் இல்ல குளோரின் போட்டும் பிரயோஜனம் இல்ல, உப்பு போகாது. அதே மாதிரி பூச்சி மருந்தோ பெட்ரோலோ கலந்த தண்ணியும் கொதிச்சா சரியாகாது. அதனால உங்களுக்கு கேன் கணக்கு எங்களுக்குள்ளத விட கூடத் தான் வேணும்.

கேஸும் தீந்து மருந்தும் தீந்துட்டா ஒரு வழி இருக்கு, வெயில். நெறமில்லாத 2 லிட்டர் பெட் பாட்டில்ல தெளிஞ்ச தண்ணிய ஊத்தி தகர ஷீட்டு மேல படுக்க வச்சு ஆறு மணிக்கூறு நல்ல வெயில்ல போட்டா கிருமி சாகும், மேகமா இருந்தா ரெண்டு நாளு. நம்ம ஊர்ல புயலுக்குப் பின்னாடி எங்க வெயிலு, இருந்தாலும் தெரிஞ்சு வச்சுக்கோங்க.

தண்ணிய மாத்துறதுக்கு நான் வச்சிருக்க கணக்கு, மே கடைசில எடவப்பாதிக்கு முன்னாடி, செப்டம்பர் கடைசில துலாவருஷத்துக்கு முன்னாடி, பொங்கல் கழிஞ்சு ஒரு தடவ. ஆறு மாசத்துக்கு மேல வைக்காம இருந்தா சரி. கேன் மேல மார்க்கர்ல தேதி எழுதுங்க, பழையத சும்மா கொட்டாம துணி தொவைக்கவோ செடிக்கோ ஊத்துங்க. கேன் பக்கத்துலயே ஓஆர்எஸ் பாக்கெட் நாலு, ஒரு லிட்டர் அளவு பாட்டில் ஒண்ணு, அந்த சிரிஞ்ச், மருந்து எல்லாம் ஒரு டப்பால போட்டு வச்சிருக்கேன், இருட்டுல தேடக் கூடாதுல்ல.

எல்லாம் சேத்து வச்சாச்சுன்னு நெனச்சு போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழம காலைல மோட்டார் ஃபியூஸ புடுங்கிட்டேன், யாருட்டயும் சொல்லல. ஒரு நாளு சேத்து வச்சதுலயே ஓட்டிப் பாக்கலாம்னு. மத்தியானம் மரச்சீனி (மரவள்ளிக் கெழங்கு) அவிக்க தண்ணி எடுக்கப் போன மாமி அடுக்களைல இருந்து கூப்பிட்டாங்க, போய்ப் பாத்தா 20 கிலோ கேன சாய்க்க முடியாம கட்டிப் பிடிச்சுட்டு நிக்காங்க, பாதி வெள்ளம் தரைல. ஏழு கேன் அடுக்கி வச்சவளுக்கு அத எழுவது வயசு மனுஷி எப்படி ஊத்துவான்னு தோணல. மறுநாளே மார்த்தாண்டம் போய் கேன் மேல சொருகி அமுக்குற கைப் பம்பு ஒண்ணு வாங்கினேன், கரண்ட் வேண்டாதது. இப்போ ஆறு கேன் பழைய எடத்துல இருக்கு, ஏழாவது கேனுக்குப் பதிலா அஞ்சு லிட்டர் பாட்டில் நாலு தனியா நிக்குது, அது மாமிக்கு.